கிரேக்க உரோம பாடமும் எங்கள் வீட்டுக் கூரையும்

பின்னேரங்களில் இணுவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிக்கிறேன். "உதைப் படிச்சு ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பதில் சொல்லி எனக்கு வாய் உளைந்ததுதான் மிச்சம். ஒன்று சொல்கிறேன், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் வரும் சாவுச் சடங்குகளை இரண்டாம் தரம் விளக்கத் தேவையில்லை.

சண்டை முடிந்த கையோடு ஆமிக்காரர் என் அண்ணையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா கண்ணால் கண்டவர். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து எரித்து, கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியை செய்வது எங்கள் வழக்கம். அம்மா மசியவேயில்லை. செய்தால், மகன் செத்துவிட்டான் என்று பெற்றவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். செய்யாமல் விட்டு, அவன் உண்மையிலேயே செத்திருந்தால், ஆவி அலையும். இந்த இரண்டுக்கும் நடுவில் மனுசி நித்திரையில்லாமல் கிடந்து வதங்கியது.

சித்தப்பா வரும்போதெல்லாம் இதே கதைதான். "அண்ணி, எனக்கும் வயசு போட்டுது. இவளும் பொம்பிளைப் பிள்ளை. நானும் போயிட்டால் அவனுக்குக் கொள்ளி வைக்க ஆர் இருக்கினம்?" அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஒருநாள் பாதாள ஆற்றைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஈமக்கடன் செய்யப்படாதவர்களை ஓடக்காரன் ஏற்றமாட்டான்; அவர்கள் கரையிலேயே அலைவார்கள். அதனால் கடலில் தொலைந்தவர்களுக்குக் கிரேக்கர் வெறுங் கல்லறை கட்டினார்கள். குசினியில் மரவள்ளிக்கிழங்கு வெட்டிய சத்தம் சட்டென்று நின்றது.

பிள்ளைகள் போனதும் அம்மா வந்தார். "வெறுங் கல்லறை கட்டினாப் பிறகு, அந்த ஆள் உயிரோடை வந்தால் என்ன செய்வினம்?"

படித்ததைச் சொன்னேன். உரோமரிடம் அதற்கும் ஒரு வழி இருந்தது. சாவுச் சடங்கு முடிந்த பிறகு திரும்பி வருபவன் வாசலால் வரக்கூடாது. கூரையில் ஏறி, அதன் வழியாக வீட்டுக்குள் இறங்கவேண்டும்.

"அப்பிடி வந்தால் வீட்டிலை சேர்ப்பினமோ?"

"ஓம் அம்மா, சேர்ப்பினம்."

"அப்ப சரி. சித்தப்பாவை வரச் சொல்லு."

அந்தப் புல் உருவத்தின் மேல் அண்ணையின் பழைய சேட்டு ஒன்றைப் போர்த்தினோம். வாய்க்கரிசி போட வந்த அம்மாவுக்கு வாய் எதுவென்று தெரியவில்லை. கை அங்குமிங்கும் தடுமாறியது. நான் பிடித்துக் காட்டினேன். அம்மா அழவில்லை. நான்தான் குளறி அழுதேன்.

ஏதோ, ஒருவழியாக முடிந்தது என்று நினைத்தேன். மாரி தொடங்கியதும் அண்ணையின் அறைக்குள் தண்ணீர் ஓடியது. போய்ப் பார்த்தால், கட்டிலுக்கு நேர்மேலே ஓடுகள் இல்லை. குறுக்குத் தடியும் அறுக்கப்பட்டு, ஓர் ஆள் நுழையுமளவுக்கு வானம் தெரிந்தது. தேங்காய் பறிக்க வந்தவரைக் கொண்டு அம்மாதான் செய்வித்திருக்கிறார். அந்த ஆளுடைய ஏணியும் வெளிச்சுவரில் சாத்தியபடியே நின்றது.

"ஐயோ அம்மா, உங்களுக்கு என்ன விசரோ? வீடெல்லாம் வெள்ளம்!" என்று கத்திக்கொண்டு, கட்டிலின் மேல் வாளியொன்றை வைத்தேன்.

அம்மா வாளியைக் கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ஏன் கத்துறாய்? வாசலாலை வர ஏலாதெண்டு நீதானே சொன்னனீ. உதிலை வாளி நிண்டால் பிள்ளை எங்கை காலை வைக்கிறது?"