இரண்டாவது உரிமையாளர்

எங்கள் வீட்டில் அம்மாவின் பெயரில் இருந்தது ஸ்கூட்டர் மட்டும்தான். வீட்டுப் பத்திரம், மின் இணைப்பு, கேஸ் எல்லாம் அப்பா பெயரில். மாதனூரிலிருந்து ஷூ கம்பெனி பஸ்ஸில் நின்றபடியே போய்வந்த அம்மா, தன் சம்பளத்தில் வாங்கிய வண்டி அது. ஆர்சி கார்டில் தன் பெயரை விரலால் தடவிப் பார்ப்பார்.

அம்மா இறந்த பிறகு, வண்டியின் இன்சூரன்ஸ் முடியும் நேரத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனேன். லேபில் வேலை செய்யும் பழக்கத்தில், சான்றிதழ்களை வரிசையாக அடுக்கி வாசலில் இருந்த ஏஜென்டிடம் கொடுத்தேன்.

“இன்னாமா, பரீட்சைக்கு வந்த மாதிரி வந்துக்கிற” என்றார்.

“பேர மாத்தாம இன்சூரன்ஸ் மட்டும் கட்ட முடியாதாண்ணா?”

“கட்டலாம். நாளைக்கு எங்கனா இடிச்சிக்கினா பேஜாராய்டும்மா. இல்லாதவங்க பேர்ல இருந்தா கிளெய்ம் தரமாட்டான்.”

வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டு வரச் சொன்னார். எண்ணின் மேல் மண் படிந்திருந்தது. அம்மா ஓட்டிய காலத்து மண். துடைக்காமல் எண் பதியாது. துடைத்தேன்.

புதிய கார்டு தபாலில் வந்தது. என் பெயரும், அதன் கீழே தந்தை பெயரும் பிழையில்லாமல் இருந்தன. உரிமையாளர் வரிசை எண் என்ற இடத்தில் ‘2’ என்று அச்சாகியிருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் இருந்தார் என்பதற்கு அந்தக் கார்டில் அது மட்டும்தான் மிச்சம்.

அன்று வண்டியை எடுக்க மனம் வரவில்லை. வேலைக்கு பஸ்ஸில் போனேன். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.