பால்வாடிக்கு ஒரு மண்வீடு

மண்ணில் வீடு கட்டுகிறவளுக்கு மண்ணைப் பதமாக்கத் தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி, கூலி வாங்காமல் வந்து நிற்கிறவர்களிடம் கோபப்படாமல் இருப்பது. ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு திருவிழாவோ பள்ளி ஆண்டுவிழாவோ நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இதைப் படித்தால், "நம்ம இனம்" என்று தலையாட்டுவார்கள்.

கிருமாம்பாக்கத்தை அடுத்த ஒரு சின்னக் கடற்கரை ஊரில், பால்வாடிப் பிள்ளைகள் விளையாட ஒரு மண்வீடு கட்டித்தர ஒப்புக்கொண்டிருந்தேன். செங்கல்லும் சிமெண்டும் கிடையாது. வைக்கோல் போட்டு மிதித்த மண்ணை உருண்டை உருண்டையாக அடுக்கி, அறைந்து, சுவராக எழுப்ப வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை ஏற வேண்டும்.

வேலிக்கு வெளியே ஒருத்தி

முதல் நாள் மகளிர் குழுப் பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணில் இறங்கினார்கள். குழுத் தலைவி அஞ்சலை செல்போனில் பாட்டு வைத்தார். மிதியென்றால் அப்படி ஒரு மிதி.

ஒருத்தி மட்டும் வேலிக்கு வெளியே நின்றாள். பெயர் கலா. அவள் மகள் ரித்திகாவும் அந்தப் பால்வாடியில்தான் இருக்கிறாள். "உள்ள வாங்களேன்" என்றேன். கலா புடவையைக் கொஞ்சம் உயர்த்தி, உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்த முழங்காலைக் காட்டினாள்.

"எங்க வூட்டு மண் செவுரு மழையில சாஞ்சி இப்டி ஆச்சிக்கா. எம் பொண்ண நீங்க கட்டற வூட்டுக்குள்ள வுடமாட்டேன்."

ஏழுமலை தண்ணீர் காட்டினார்

அன்றிலிருந்து எந்த உருண்டையை எடுத்து வைத்தாலும் எனக்கு அந்த முழங்கால்தான் கண்ணில் நின்றது. இந்த லட்சணத்தில் வந்து சேர்ந்தார் ஏழுமலை மேஸ்திரி. ஊரில் பாதி மாடிவீடுகள் அவர் கட்டியவை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு எங்களோடு மண் அறைந்தவர்.

சுவர் இடுப்பளவு எழுந்தது. காய்ந்த பிறகுதான் மேலே ஏற்றலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் காலை வந்து பார்த்தால், மனிதர் பைப்பைப் பிடித்துக்கொண்டு சுவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்! சிமெண்டு வேலைக்குத் தண்ணீர் காட்டினால் இறுகும். மண் இளகிவிடும். ஒரு பக்கத்துச் சுவர் அடியில் வயிறு தள்ளியிருந்தது. பைப்பைப் பிடுங்கினேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"செவுரு எழுப்பிட்டு தண்ணி காட்டாம வுட்டா, நாளைக்கி எவன் என்ன மேஸ்திரின்னு கூப்புடுவான் மேடம்?"

இடிப்பதா, பூசுவதா

கடலூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பிதுங்கின இடத்தைச் செதுக்கி மேலே பூசிவிட்டால் தெரியாது என்று ஏழுமலையே மெதுவாகச் சொன்னார். மழை வருதே என்று பால்வாடி டீச்சர் கையைப் பிசைந்தார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மேலே கூரை ஏறும், உள்ளே பிள்ளைகள் இருப்பார்கள். இளகின அடி எத்தனை நாள் தாங்கும் என்று யார் சொல்வது?

வேலிப்பக்கம் திரும்பினேன். கலா நின்றிருந்தாள். அவள் நிற்காவிட்டாலும் இடித்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பம்தான். கடப்பாரையை எடுத்தேன். அஞ்சலை குறுக்கே வந்து நின்றார்.

"எங்க காலு தேய மிதிச்ச மண்ணும்மா இது. ஒடைக்கறதுன்னா எங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

மழைக்குள் கலா

கேட்டேன். கெஞ்சினேன். கடைசியில் முதல் குத்தைப் போட்டவர் அஞ்சலைதான். என்மேல் இருந்த கோபமெல்லாம் சுவர்மேல் இறங்கியது. அதே மண்ணை மறுபடி மிதித்தோம். ஏழுமலை பைப்பைச் சுருட்டித் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். மழை தூறும்போதெல்லாம் தார்ப்பாயைப் போட்டு, வெயில் வந்தால் எடுத்து, ஒருவழியாகக் காய்ந்து கீற்றுக்கூரை ஏறியது.

பிள்ளைகள் உள்ளே போகவேண்டிய அன்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் பால்வாடி வாசலில் ஒதுங்கினோம். பிள்ளைகள் மண்வீட்டுக்கு ஓடத் துடித்தார்கள். ஒரு தாயும் பிடித்த கையை விடவில்லை.

கலா மகளை டீச்சரிடம் விட்டாள். காலை இழுத்து இழுத்து மழையில் நடந்துபோய், குனிந்து மண்வீட்டுக்குள் நுழைந்தாள். இடித்துக் கட்டின சுவர் எது என்று அவளுக்குத் தெரியும். அதன்மேலேயே முழு முதுகையும் சாய்த்து உட்கார்ந்தாள். ரித்திகா வீறிட்டு அழுதாள். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். மழை விடுகிறவரை கலா எழவில்லை. பிறகு வெளியே வந்து மகளின் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னிக்கி நான் ஒக்காந்துட்டேன். நாளைக்கி அவ வரட்டும்."

மண்வீடு கட்டுகிறவர்களுக்கு மழையென்றால் பயமில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. வானிலை அறிக்கையை என்னைப்போல் பயபக்தியோடு கேட்கிறவர்கள் இந்தக் கடற்கரையில் மீனவர்கள்கூட இல்லை.