சிவப்புக் கைக்கு அபிஷேகம்

அந்தக் கை சிவப்பாக இருந்தது. என் கையைவிடச் சிறியது. அமெரிக்கப் பாலைவனத்தில், ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றில், பாறை கூரைபோல் வளைந்து நின்ற இடத்தில், என்றோ யாரோ ஒருத்தி காவிக்கல்லைக் குழைத்து உள்ளங்கையில் பூசிச் சுவரில் ஒற்றிவிட்டுப் போயிருந்தாள். பெண் என்று யார் சொன்னது? ஒருவரும் இல்லை. பார்த்ததும் அப்படித்தான் பட்டது.

நானும் அண்ணையும் லண்டனிலிருந்து போய், கூடாரத்தையும் தண்ணீரையும் முதுகில் சுமந்து அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியிருந்தோம். சிவந்த மணற்கல், அதன்மேல் பச்சைக் களிக்கல், மறுபடி மணற்கல். ஆறுகள் ஓடி வற்றியதையும் மணல்மேடுகள் இறுகியதையும் சுவரில் வாசித்தபடி நடந்தேன். அண்ணை வழியெல்லாம் எங்கள் ஊர்க் கோயிலை இடித்தவர்களைத் திட்டிக்கொண்டு வந்தார். அவருடைய கோபம் நியாயமானது. அதனால்தான் அவர்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் பையை இறக்கித் திரும்புவதற்குள் அண்ணை தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அந்தக் கையின் மேல் ஊற்றிவிட்டார். அபிஷேகமாம். பிறகு திருநீற்றுப் பொட்டலத்தை அவிழ்த்து, ஈரத்தின் மேல் மூன்று விரலால் அழுத்திப் பட்டை இழுத்தார்.

“அண்ணை, தொடாதேங்கோ!”

“ஏன்டி கத்துறாய்? பாவம், எத்தினை காலமா ஒரு சொட்டுத் தண்ணி காணாமல் நிக்குது.”

அவர் விரல் போன வழியில் அவள் விரல்கள் கரைந்து வழிந்தன. வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் தப்பிய கை, பக்திக்குத் தப்பவில்லை.

லண்டனில், வெஸ்ட் ஈலிங் கோயிலில் இதே மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டு மூலஸ்தானத்துக்கு வெளியே ஒடுங்கி நிற்பார். படியைத் தாண்ட மாட்டார். அங்கே ஐயர் இருக்கிறார். பாலைவனத்தில் கேட்க ஆளில்லை. ஆளில்லாத இடமெல்லாம் நம்முடையதா?

போன ஞாயிறு, லண்டன் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில், கொத்துரொட்டித் தட்டுகளுக்கு மேலால் அண்ணை கைபேசியை நீட்டினார். படத்தில் மூன்று வெள்ளைக் கோடுகள், கீழே ஒரு சிவப்புக் கறை.

“இது என்ன சாமியடாப்பா?” என்றார் அவருடைய கூட்டாளி.

“பேர் தெரியாது. ஆனா முதல் பூசை என்ரை.”

மேசையே சிரித்தது.

“அது சாமியில்லை,” என்றேன். “ஒரு பொம்பிளையின்ரை கை. நீங்கள்தான் அழிச்சனீங்கள்.”

அண்ணை தட்டைத் தள்ளிவைத்தார்.

“கும்பிட்டது பிழையோடி?”

“தொடாமல் கும்பிட ஏலாதோ?”

அண்ணையின் முகம் கறுத்தது. “சரி, உனக்கு அவ்வளவு கோவமெண்டால் படத்தை அழிச்சுவிடுறன். போதுமோ?”

பெருவிரல் இறங்குவதற்குள் கைபேசியைப் பறித்துவிட்டேன். அழிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதா இந்தக் கைகளுக்கு? அவள் இருந்தாள் என்று காட்ட என்னிடம் மிச்சம் அந்தக் கறை ஒன்றுதான். அதையும் அண்ணையின் படத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.