நாலாம் மிஷின் மேடு

காசிராஜனுக்கு 'தெரியல' என்பதை விட்டால் வேறு வார்த்தையே தெரியாது என்று நாங்கள் கேலி செய்வோம். கோவில்பட்டிக்காரன். இயற்பியலில் முதுகலை படித்துவிட்டு, ஒரகடத்தில் இரும்புத் தண்டு, அதாவது ஷாஃப்ட், செய்யும் எங்கள் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தான். நான் ரத்னா, வல்லத்துக்காரி, அவனுக்குப் பக்கத்து மேசை. மழுப்புகிற ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2011 டிசம்பர். ஜெனிவா பக்கத்தில் புரோட்டான்களை மோதவிட்டுத் தேடிய ஹிக்ஸ் துகளின் சாயல் தெரிகிறதாம். காசிராஜன் படப்பை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முழு அறிவிப்பையும் பார்த்துவிட்டு வந்தான். வரைபடத்தில் ஒரு சின்ன மேடு, இரண்டு கருவிகளிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில். அப்போ கண்டுபிடித்துவிட்டார்களா என்று கேட்டேன். தெரியல, தற்செயலாகவும் இருக்கலாம், இன்னும் மோதவிட்டுப் பார்க்கணும் என்றான். கண்ணில் மட்டும் ஆசை வழிந்தது.

அதே வாரம் எங்கள் வரைபடத்திலும் ஒரு மேடு முளைத்தது. நாலாம் மிஷினில் நீளம் கூடிய ஷாஃப்ட்கள் வழக்கத்தைவிட அதிகம். அந்த மிஷினில் நிற்பவன் அய்யாத்துரை, காசிராஜனின் அறைத்தோழன், காண்ட்ராக்ட் ஆள். ஊரில் மனைவி நிறைமாதம். கவனமில்லாதவன், சனிக்கிழமையோடு அனுப்பிவிடுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

கேன்டீனில் அய்யாத்துரை தட்டைத் தொடவே இல்லை. "ஏலே, எம்மேல தப்பில்லன்னு நீயாவது ஒரு வார்த்த சொல்லேன்" என்றான்.

"இன்னும் தெரியல மக்கா."

"இன்னாய்யா மனுஷன் நீ?" என்று நான் எழுந்தே விட்டேன். சாம்பார் வாளி கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதது அவன் அதிர்ஷ்டம்.

ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. எல்லா மிஷின் ஷாஃப்ட்களையும் கலந்து, மிஷின் நம்பரை டேப் ஒட்டி மறைத்து, என் மேசைக்குத் தள்ளினான். ஜெனிவாவில் இரண்டு கூட்டம் தனித்தனிக் கருவியில் பார்ப்பதால்தான் நம்புகிறார்களாம். இங்கே நான் இரண்டாவது கூட்டமாம். நீளம் பார்க்கும் என் கேஜில் ஒவ்வொன்றாக அளந்தேன். எது அய்யாத்துரையுடையது என்று தெரிந்திருந்தால், சத்தியமாக முள்ளைக் கொஞ்சம் குறைத்துத்தான் படித்திருப்பேன்.

சனிக்கிழமை காலை மேனேஜர் முன்னால் டேப்பைப் பிரித்தோம். என் அளவில் மேடே இல்லை. அப்படியானால் கோளாறு நாலாம் மிஷினுக்கென்று வைத்திருக்கும் கேஜில். காசிராஜன் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். ஷாஃப்ட் உட்காரும் பள்ளத்தின் ஓரத்தில் காய்ந்த சந்தனம். சில ஷாஃப்ட்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து நீளமாகக் காட்டியிருக்கின்றன. வெள்ளிக்கிழமை கேஜ்களைச் சரிபார்த்து முடித்ததும் எங்கள் பிரிவில் பூசை உண்டு, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டும் உண்டு.

"நான் வச்ச பொட்டு சார்" என்றான்.

அவனுக்கு மெமோ கிடைத்தது. அய்யாத்துரை வேலை பிழைத்தது. ஆனால் ஒரே அறையில் படுத்துக்கொண்டே காசிராஜனோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

ஜூலையில் துகளை உறுதி செய்துவிட்டார்கள். காசிராஜன் லைன் முழுக்க லட்டு கொடுத்துக்கொண்டு வந்தான். அய்யாத்துரை வாங்கிக்கொண்டான், தின்னவில்லை.

"அந்தத் துகள் இருக்கணும்னு அவ்வளவு ஆசப்பட்டேல்லா. எம்மேல தப்பு இருக்கக்கூடாதுன்னு ஒரு தடவயாவது ஆசப்பட்டியால?"

காசிராஜன் லட்டுப் பெட்டியை மூடினான்.

"ஆசப்பட்டேன். அதனாலதாம்ல வாயத் தொறக்கல."