நாரணாபுரத்து வீட்டில் நான் சொன்னது

திங்கள், காலை 6.40. சென்னை ரயில் என்னை விருதுநகரில் இறக்கிவிட்டபோது என் கையில் இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய நாற்பது தமிழ் வாக்கியங்களும் இருந்தன. சொந்த ஊர் காக்கிநாடா, வயது பத்தொன்பது. மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியப் பெண்ணாக ஒன்றரை வருடப் பணிக்குக் கிளம்பியிருந்தேன். முதல் மூன்று வாரப் பயிற்சி எங்கள் வீட்டு மாடியறையிலேயே, மடிக்கணினிக்கு முன்னால் முடிந்துவிட்டது. ஜெபிக்க, நலம் விசாரிக்க, விடைபெறத் தமிழில் கற்றுத்தந்தார்கள். மற்றதெல்லாம் தடுமாறினாலும் விடைபெறுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்த வீட்டிலிருந்து எழுந்தாலும், மறுபடி எப்போது வரலாம் என்று கேட்டு நாள் குறித்துக்கொண்டுதான் வர வேண்டும் என்பது பாடம்.

நிலையத்தில் கிரேஸ் காத்திருந்தார். நாகர்கோவில்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு அவர்தான் என் பயிற்சியாளர். பெட்டியைத் தூக்கும்போதே ஆங்கிலத்தில் இன்னொரு விதியை நினைவூட்டினார். ஊழியக்காரர்கள் இரண்டு இரண்டு பேர். குளியலறை நீங்கலாக, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் எங்கும் இருக்கக் கூடாது. சரி என்றேன். தனியாக ஒரு சோப்பு கேட்டு வாங்கும் தைரியம்கூட எனக்கு அப்போது இல்லை.

சிவகாசிக்குப் பேருந்தில் இருபத்தெட்டு கிலோமீட்டர். வழியெல்லாம் சீமைக்கருவேலம்; நடுநடுவே நீண்ட மதில்களுக்குள், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சின்னச் சின்ன வெள்ளை அறைகள். ஏன் இப்படித் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒன்று வெடித்தால் இன்னொன்று பிழைக்கட்டும் என்றுதான் என்றார் கிரேஸ். எங்கள் வாடகை அறை திருத்தங்கலில், ஒரு அச்சகத்துக்கு மேல் இருந்தது. பகல் முழுவதும் தரை அதிர்ந்துகொண்டிருந்தது.

செவ்வாய், மாலை 5 மணி. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சிவகாசியில் வண்டி மாறி நாரணாபுரத்தில் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனோம். அவர் பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை செய்பவர். கணவர் முருகேசன் அதே கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில். பேச்சியக்காவுக்கு எங்கள் சபையில் சேரும் எண்ணம் துளியும் கிடையாது. அதைக் கிரேஸிடம் எப்போதோ முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆனாலும் எட்டு மாதமாக ஒவ்வொரு செவ்வாயும் கிரேஸ் வந்தாக வேண்டும். வராவிட்டால் போன் வந்துவிடும். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வாரம் முழுக்கச் சேர்த்துவைத்ததை எல்லாம் கிரேஸிடம்தான் கொட்டுவார். அன்று இருவரும் பூண்டு உரித்துக்கொண்டே பேசினார்கள். எனக்குப் பத்தில் ஒரு சொல் புரிந்தது.

கிளம்பும்போது நான் எழுந்து நின்று, “நாங்கள் போய் வருகிறோம்” என்று ஒப்பித்தேன். பேச்சியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “போய்ட்டு வாறோம்னு சொல்லு தாயி. ரேடியோப் பொட்டி மாதிரி பேசாத.” ஐந்து முறை சொல்லவைத்தார். அடுத்த செவ்வாய் என்று நாள் குறித்துக்கொண்டு வந்தோம்.

வியாழன், காலை 11.45. சிவகாசிப் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தோம். சத்தம் கேட்டது. யாரும் ஓடவில்லை. எல்லோரும் புகை வந்த திசையைப் பார்த்தார்கள், பிறகு போனை எடுத்தார்கள். நாரணாபுரம் பக்கம் என்றார் பூக்காரப் பெண். கிரேஸ் மூன்று முறை பேச்சியக்காவை அழைத்தார். எடுக்கவில்லை.

முருகேசன் அந்த இடத்திலேயே இறந்துபோயிருந்தார். பேச்சியக்காவின் தம்பிக்கும் அங்கேதான் வேலை. உடம்பெல்லாம் தீக்காயத்தோடு அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

சனி, பகல் 3 மணி. தகனம் முடிந்த மறுநாள் போனோம். ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று கிரேஸ் வழியிலேயே சொல்லியிருந்தார். பேச்சியக்கா கிரேஸைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஒரு மணி நேரம் கழித்துக் கிரேஸ் சத்தமில்லாமல் எழுந்து வெளியே நடந்தார். பின்னால் போன நான் வாசலில் திரும்பினேன்.

“போய்ட்டு வாறோம் அக்கா. அடுத்து எப்போ வரலாம்?”

பேச்சியக்கா சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒரு எழுத்துப் பிசகாமல். அழுகை நின்றுபோனது. ஒரு பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். கிரேஸ் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

தெருமுனையில் விளக்கினார். துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். தம்பி வேறு உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறான். தெரியாமல்தானே சொன்னாய் என்று முதுகைத் தடவினார்.

அடுத்த மூன்று நாள் அந்தத் தம்பிக்காக ஜெபித்தேன். தோல், காய்ச்சல், மூச்சு என்று அகராதியில் தேடித் தேடித் தமிழிலேயே ஜெபித்தேன். திங்கட்கிழமை வாராந்திர அழைப்பில் அம்மா ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வெயில் அதிகம் என்றேன். செவ்வாய் மதியம் தம்பி இறந்துபோனார்.

புதன், மாலை 4 மணி. தெருவுக்குள் நுழையும்போதே முருகேசனின் தங்கை எதிரே வந்து எங்களை நிறுத்தினார். கிரேஸிடம் மட்டும் பேசினார். “மதினி ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காக. நீங்க மட்டும் உள்ள வாங்க. இந்தப் பிள்ள வேண்டாம்.”

“நீங்கள் போங்கள், நான் இங்கே நிற்கிறேன்” என்றேன். கிரேஸ் நான்கைந்து அடி நடந்தார். வீட்டுக்குள் பெண்கள் கூட்டம். உள்ளே போனால் நான் அவர் கண்ணில் பட மாட்டேன். உள்ளேயிருந்து பேச்சியக்காவின் குரல், கிரேஸ் வந்தாச்சா என்று கேட்டது. கிரேஸ் வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்து, எங்கள் விதியை அந்தப் பெண்ணிடம் தணிந்த குரலில் சொன்னார்.

“அம்புட்டுத்தானா ஒங்க பழக்கம்?” என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அதன்பின் பேச்சியக்காவிடமிருந்து போன் வரவில்லை. கிரேஸ் அழைத்தாலும் எடுக்கவில்லை. செவ்வாய் மாலைகளில் கிரேஸ் அறையிலேயே இருந்தார். பேச்சியக்காவுக்கு அவரைவிட்டால் மனம்விட்டுப் பேச யாரும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பன்னிரண்டு வாரம் முடிந்து எனக்கு வேறு ஊர் வந்தது. விருதுநகர் நிலையத்தில் என்னை ஏற்றிவிடும்போது கிரேஸ் சொன்னார்: “அதையே நினைச்சுட்டு இருக்காத சிஸ்டர். உங்க ஊர்ல இப்படி ஒரு வழக்கம் இல்ல. ஒனக்கு எப்படித் தெரியும்?”

எங்கள் காக்கிநாடாவிலும் சாவு வீட்டில் வருகிறேன் என்று சொல்ல மாட்டோம். ஏழு வயதில், பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போனபோது அம்மா என் வாயைப் பொத்தியே கூட்டிவந்திருக்கிறாள். தெலுங்கில் அந்தச் சொல் என் நாக்கில் வந்திருக்காது. தமிழில் அதை ஒரு பாடமாகத்தான் வைத்திருந்தேன். வாசலைக் கண்டதும் ஒப்பித்துவிட்டேன். கிரேஸிடம் இதை நான் சொல்லவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ரயிலில் ஏறினேன்.