தியேட்டர் பிரிண்டில் கேட்ட சிரிப்பு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பனியன் கம்பெனியில் அட்டைப் பெட்டியின்மேல் சைஸ் நம்பர்தான். வாக்கியம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் உண்டு. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சில இடத்தில் எனக்கே குழம்புகிறது. ஆனால் அந்தச் சிரிப்பில் குழப்பமில்லை. அது காதிலேயே இருக்கிறது.

அப்போது நாங்கள் பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஊரில், ராயபுரம் என்ற பகுதியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் ஆறு வீடு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். அப்பா கம்பெனியில் அயர்னிங், அம்மா செக்கிங். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். அத்தையைக் கட்டிய மாமா நிட்டிங் மெஷின் மெக்கானிக். லூதியானாவில் மெஷின் மாட்டும் வேலை இருக்கிறது, மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவர். முதலில் பக்கத்து டெலிபோன் கடைக்குப் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் அதுவும் நின்றது. இரண்டு வருஷம் ஆகியும் ஆளைக் காணோம். மூலனூரில் இருந்த அவர் வீட்டாருக்கும் தகவல் இல்லை. லூதியானாவில் ஒரு கம்பெனியில் தீப்பிடித்தது, அதில் தமிழ் ஆட்கள் சிலர் செத்துப்போய்விட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அன்றிலிருந்து அத்தை பூ வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், வாங்கிய பூவைச் சாமி படத்துக்கே போட்டுவிடுவாள்.

அரசாங்கம் கொடுத்த கலர் டிவி எங்களுக்கும் வந்தது. அந்த வருஷம் தீபாவளி போனஸில் அப்பா ஒரு சீடி பிளேயர் வாங்கினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே புதுப்படம்தான். முந்தின வாரம் தியேட்டருக்கு வந்த படம் எங்கள் தெருமுனை வாடகைக் கடைக்குள் சீடித் தட்டாக வந்துவிடும். யாரோ தியேட்டருக்குள் கேமராவை ஒளித்து வைத்து எடுத்தது. அதற்குத் தியேட்டர் பிரிண்ட் என்று பெயர். படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், முகமெல்லாம் கறுத்திருக்கும். கீழே வரிசையாகத் தலைகள் தெரியும். நடுவில் ஒருத்தர் எழுந்து போனால் கதாநாயகன் பாதி மறைந்துவிடுவார். நான் அதுவரை தியேட்டருக்குள் கால் வைத்ததில்லை. தலைகள், இருமல், விசில் எல்லாம் சேர்ந்ததுதான் படம் என்று நினைத்திருந்தேன். இதுதான் பின்னால் வினையாகிப் போனது.

எங்கள் வீட்டில் யாரும் சும்மா உட்கார்ந்து படம் பார்க்க மாட்டோம். கம்பெனியிலிருந்து குழந்தைச் சட்டைகளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டிருப்பார்கள். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் குட்டிக் கத்தரியால் நறுக்க வேண்டும். பிசிர் வெட்டுவது என்போம். அம்மாவும் நானும் வெட்டுவதை விட்டுவிட்டு டிவியைப் பார்ப்போம். அத்தை அப்படியில்லை. கண் துணியிலேயே இருக்கும், படத்தைக் காதால் கேட்டுக்கொள்வாள். முழுப்படமும் ஓடி முடிந்த பிறகு கதாநாயகி என்ன நிறச் சேலை என்று கேட்டால் தெரியாது. கதையைக் கேட்டால் ஒரு வரி விடாமல் சொல்லுவாள்.

அதனால்தான் அது அத்தைக்கு மட்டும் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்ட படத்தில் ஒரு காமெடி. ஒருத்தன் மொபெட்டில் கோழிக்கூண்டோடு வந்து கல்யாணப் பந்தலுக்குள் விழுவான். தியேட்டரே சிரித்தது, நாங்களும் சிரித்தோம். எல்லாரும் அடங்கி ஒரு மூச்சு விட்ட பிறகு, ஒரே ஒரு ஆள் தனியாகச் சிரித்தார். விக்கல் மாதிரித் தொடங்கி, இழுத்து இழுத்துப் போய், கடைசியில் "அட சாமி" என்று முடிந்தது.

அத்தையின் கத்தரி நின்றுவிட்டது.

மாமா சிரிப்பது அப்படித்தான். எந்தத் தமாஷும் அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும். ஊரெல்லாம் சிரித்து முடித்த பிறகு அவர் தொடங்குவார். அவர் சிரிப்பதைப் பார்த்து மற்றவர்கள் இரண்டாம் தடவை சிரிப்பார்கள்.

பின்னால் ஓட்டு கண்ணு என்றாள் அத்தை. ஓட்டினேன். மறுபடியும் ஓட்டச் சொன்னாள். நாலு தடவை ஆன பிறகு அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் முகம் மாறிப்போய்விட்டது. அம்மாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

"நம்ம சீமையில அட சாமின்னு சொல்லாத ஆம்பள யாருங்க? அதை வெச்சு ஆளைக் கண்டுபுடிச்சிட முடியுமா?"

அத்தை, "சொல்றதை வெச்சுச் சொல்லலீங்க நங்கையா. சிரிக்கறதுக்கு முன்னால ஒரு மூச்சு நிக்குது பாருங்க, அது அவருதானுங்க" என்றாள். அண்ணன் பெண்டாட்டி என்பதால் அம்மாவை அத்தை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

மறுநாள் அப்பா கடைக்குப் போய் அந்தத் தட்டு எந்தத் தியேட்டரில் எடுத்தது என்று கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். கடைக்கார அண்ணன் முதலில் பயந்துவிட்டார், அப்பா போலீஸுக்குச் சொல்லிவிடுவாரோ என்று. விஷயத்தைச் சொன்னதும் பாவப்பட்டுப்போய், தனக்குப் பஸ் பார்சலில் வருகிறது, அதற்கு முன்னால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது என்றார். "எனக்குப் பார்சல் கொண்டாற பஸ்ஸு மட்டும்தானுங்க தெரியும், படம் புடிச்சவனைத் தெரியாதுங்க" என்றார். வாடகைத் தட்டை அப்படியே அத்தைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அப்பா பல்லடத்துத் தியேட்டர் வாசலில் ஒரு ஞாயிறு நின்று பார்த்தார். இன்னும் இரண்டு ஊருக்கும் போனார் என்று நினைக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்த அன்றைக்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா அத்தையிடம் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அது அவன்தான்னா என்ன அர்த்தம்னு ரோசிச்சியா? லூதியானாவுல தமிழ்ப்படமா ஓடுது? இங்கதான் எங்கயோ பக்கத்துல உக்காந்து, சேரு போட்டுப் படம் பாத்துச் சிரிச்சுட்டு இருக்கறான்."

அத்தை பிசிர் வெட்டிக்கொண்டே, "சிரிக்கட்டுங்கண்ணா" என்றாள். "உசுரோட இருக்கறாருல்லீங்க."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா பக்கத்து ஊரில் இருந்தால் நல்லதுதானே, இதற்கு ஏன் சண்டை என்று இருந்தது.

அத்தை தினமும் கம்பெனி விட்டு வந்ததும் அந்த ஒரு இடத்தை மட்டும் போடச் சொல்லுவாள். ரிமோட் அவளுக்குச் சரியாக வராது, நான்தான் ஆப்பரேட்டர். டிவிக்குப் பக்கத்தில் போய் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொள்வாள். சிரிப்புக்கு மேலே யாரோ ஒருத்தர் இருமுவார். அந்த இருமல்காரர்மேல் எனக்கு ரொம்பக் கோபம். ஆனால் அத்தை அந்த நாட்களில்தான் பூ வைக்க ஆரம்பித்தாள். காலையில் தலை சீவும்போது முணுமுணுவென்று ஏதோ பாடுவாள்கூட.

ஒரு மாதம் போயிருக்கும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பிள்ளை, அந்தப் படத்துக்கு ஒரிஜினல் பிரிண்ட் வந்துவிட்டது என்று சொன்னாள். சாய்வில்லை, இருட்டில்லை, ஒரு குண்டூசி விழுந்தாலும் கேட்கும் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மங்கலான தட்டிலேயே மாமா சிரிப்பு இவ்வளவு கேட்கிறது, தெளிவான தட்டில் எப்படிக் கேட்கும். ஒருவேளை தலைக்குப் பதிலாக முகமே தெரிந்தாலும் தெரியும்.

அந்தக் கடையில் பழைய தட்டைக் கொடுத்தால் புதுத் தட்டு மாற்றிக் கொடுப்பார்கள். சனிக்கிழமை மத்தியானம் யாரும் வருவதற்கு முன்னால் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்கார அண்ணன் அன்றைக்கு இல்லை. வேறு ஒரு ஆள் இருந்தார், அவருக்கு எங்கள் கதை தெரியாது. எங்கள் தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இனி இது யாருக்கு வேணும் பாப்பா" என்று இரண்டாக ஒடித்துக் குப்பை டப்பாவில் போட்டார். புதுத் தட்டு நல்ல கவரில் வந்தது. வழியெல்லாம் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அத்தை வந்ததும் நானாகவே போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. பந்தலில் கட்டியிருந்த வாழைமரம்கூடப் பச்சையாகத் தெரிந்தது. மொபெட் வந்தது, கூண்டு விழுந்தது, கோழிகள் பறந்தன. அதன் பிறகு அடுத்த காட்சி வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

தப்பாக ஓட்டிவிட்டேன் போல என்று பின்னால் போய் மறுபடியும் போட்டேன். கோழிகள் மட்டும் கத்தின.

"பழைய தட்டு எங்க கண்ணு?"

குடுத்து மாத்திட்டேனுங்க அத்தை, இதுலதான் மாமா தெளிவாக் கேப்பாருன்னு சொன்னாங்க என்றேன். அது ஒடிந்ததையும் சொன்னேன். மறைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அம்மா அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அத்தை என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "விடுங்க நங்கையா. எனக்கு நல்லதுன்னுதானுங்க செஞ்சிருக்குது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "தெளிவாத்தான் இருக்குது கண்ணு" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். தப்பைச் சரிசெய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு அவசரம். மறுபடியும் அந்த இடத்தைப் போட்டேன். கோழிகள் பறந்து முடிந்தன. ஒரு மூச்சு காத்திருந்தேன். பிறகு விக்கல் மாதிரித் தொடங்கி, இழுத்து இழுத்து நானே சிரித்தேன். "அட சாமி" என்று முடித்தேன்.

அத்தை கத்தரியைக் கீழே வைத்தாள். எழுந்து, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். அது தண்ணீர் வராத நாள். அவள் திரும்பி வர ரொம்ப நேரமானது. குடம் காலியாகத்தான் இருந்தது.

நான் சிரித்தது மாமா மாதிரி இல்லை, அதனால்தான் அத்தைக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் வீட்டுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்று அதே மாதிரி சிரித்துப் பழகினேன். நன்றாக வந்த பிறகு அத்தையிடம் காட்டலாம் என்று.

எனக்கு நினைவிருக்கிற வரைக்கும் இவ்வளவுதான். மாமா வரவில்லை. இதைப் படிக்கிற யாராவது எங்கள் அம்மாவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள், அவளுக்குப் படிக்கத் தெரியாது, நானே வாசிக்க எனக்கு வாய் வராது. மாதம், நாள், அப்பா போன ஊர்கள் எல்லாம் சரியா என்று கேட்டு, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். அத்தையிடம் மட்டும் கேட்க வேண்டாம்.