காணாத நெருப்பை விற்றவன்

எங்கள் தொழிலில் முதலில் கேட்பது மணிச்சத்தம். மணி அடித்த ஆளைக் கடைசிவரை காண்பதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவில் ஒரு பயண முகவரின் அலுவலகத்தில் இரவு ரெலிபோன் எடுப்பவனாக இருந்தேன். ஹவாயில் சைக்கிளில் போய், பிறகு நடந்து, ஓடுகிற எரிமலைக் குழம்பைப் பார்த்துவரும் சுற்றுலாதான் எங்கள் சரக்கு. அங்கே பின்னேரம் என்றால் எங்களுக்கு நடுச்சாமம். இரவு வேலைக்காரர்களே, வீட்டார் எழும்பப் படுத்து, அவர்கள் படுக்க எழும்புகிற சீவியம் உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் எரிமலையைக் கண்டவன் இல்லை. நூலகப் புத்தகத்தையும் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததுதான் எல்லாம்.

எத்தனை மணிக்கு?

மிசிசாகாவிலிருந்து ஒருவர். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர், வேலை இடைவேளையில் எடுத்திருந்தார். "அண்ணை, உந்தக் குழம்பு எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கும்?" என்றார். அதற்கு நேரம் காலம் கிடையாது, பகலும் ஓடும், இரவும் ஓடும், வருசக் கணக்காக ஓடுகிறது என்று புத்தகத்தில் படித்ததை அப்படியே ஒப்புவித்தேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"பாவம், அதுக்கும் ஒரு நாள் லீவு இல்லையோ?"

சிவப்புச் சோக்

அஜக்ஸிலிருந்து பேசினவ ஓய்வுபெற்ற புவியியல் ரீச்சர். அறுபத்துமூன்று வயது. "முப்பது வருசம் கரும்பலகையில சிவப்புச் சோக்கால எரிமலை கீறிப் படிப்பிச்சனான் தம்பி. ஒருக்காக் கண்ணால பாத்திட வேணும்" என்றா. எனக்கு உடனே ஒரு வீறாப்பு வந்துவிட்டது. "நான் பொறுப்பு அன்ரி. பாக்காமல் திரும்ப மாட்டியள்" என்றேன்.

படிவத்தில் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. சைக்கிள் ஓடுவீர்களா என்று கேட்டேன். பதிலில் ஒரு ஐமிச்சமும் இருக்கவில்லை. 'ஆம்' என்ற பெட்டியில் பெரிய சரி போட்டேன்.

"என்ன கதை கதைக்கிறீர் தம்பி! நான் முப்பது வருசமும் பள்ளிக்கூடம் போனது சைக்கிளிலதானே!"

பாரில் ஒரு ரீச்சர்

அந்த முறை முதலாளி என்னையும் குழுவோடு அனுப்பினார். ஒருதரம் பார்த்தால் இன்னும் நன்றாக விற்பேனாம். ஹவாயில் வான் வண்டியை விட்டு இறங்கி எல்லாரும் ஆளுக்கொரு சைக்கிளில் ஏறினார்கள். அன்ரி மட்டும் தன் சைக்கிளின் பின்பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. "கரியர் எங்க தம்பி? நான் எதில இருக்கிறது?" முப்பது வருசமும் மிதித்தது அவவின் புருசன். அன்ரி கரியரில்.

சைக்கிள் ஓடத் தெரியாதவர் வான் வண்டியிலேயே இருக்கவேண்டும் என்றாள் வழிகாட்டிப் பெண், ஆறடி உயரம். அன்ரி தலைக்கவசத்தைக் கழற்றினா. என் ஜக்கெற்றைச் சுருட்டிச் சைக்கிள் பாரில் கட்டி, "ஏறுங்கோ அன்ரி" என்றேன். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் நான் இப்படி ஏற்றாத ஆளில்லை. வழிகாட்டி கையை விரித்தாள், தலையில் வைத்தாள், கடைசியில், "கவசத்தைப் போடுங்கள், மெதுவாகப் போங்கள்" என்று பின்னாலேயே வந்தாள். மூன்று மைல் சல்லிக்கல் ரோட்டு. எங்களை முந்திப் போன வெள்ளைக்காரர் எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு ஏற்றத்தில் என் நெஞ்சு விசில் அடித்தது. அன்ரி திரும்பிப் பார்த்தா.

"எங்கட அவர் இப்பிடி இளைக்க மாட்டார்."

வீட்டுக்காரி

பிறகு கறுப்புப் பாறையில் ஒரு மணித்தியாலம் நடை. பாறை ஒரு இடத்தில் வெடித்து, உள்ளிருந்து சிவப்பாக, சீனிப் பாணிப் பதத்தில், அவசரமே இல்லாமல் வழிந்தது. முகம் பொரிந்தது. அன்ரி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றா. "சோக் நிறம் பிழை. நான் எல்லாப் பிள்ளையளுக்கும் பிழையாக் கீறிக் காட்டிப்போட்டன்" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினவ, நிற்பாட்டவேயில்லை. எனக்கும் அது தொற்றியது.

வழிகாட்டி எங்களை அடக்கிவிட்டு, இது தங்கள் எரிமலைப் பெண்தெய்வத்தின் வீடு, நாம் விருந்தாளிகள் என்றாள். அதை நான் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, அன்ரி குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றி, காலையும் நிலத்தில் வைத்துவிட்டா. வைத்த வேகத்தில் எடுத்தும் விட்டா. வழிகாட்டி போட்ட கூச்சல் கடலுக்கே கேட்டிருக்கும். நான் அவவின் காலைப் பிடித்துச் சப்பாத்தைத் திரும்ப மாட்டினேன். சொக்ஸ் மட்டும்தான் கருகியிருந்தது. ஒற்றைக் காலில் என் தோளைப் பிடித்து நின்றபடியே என்னை ஏசினா.

"வேறையென்ன தம்பி, ஒராளின்ர வீட்டுக்குள்ள சப்பாத்தோட போறதே?"

*

மூன்று வருசம் காணாத நெருப்பை வாய் ஓயாமல் விற்றவனுக்கு, கண்டுவிட்டு வந்த அன்று வீட்டில் என் மனிசி "எப்பிடி இருந்தது?" என்று கேட்டபோது "சூடு" என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது, அதைச் சொல்லிவிட்டு, வேலைக்குப் போகிற அவசரத்தில் அவள் பாதியில் வைத்த வெண்டைக்காயை எடுத்து வெட்டத் தொடங்கினேன்.